22 பேர், 7 மரப்படகு, மேப்பே இல்லாத ஒரு நதி... அமேசான் காட்டில் சாகத் துணிந்த அமெரிக்க முன்னாள் அதிபர்!

உங்க வீட்டில் டெடி பேர் பொம்மை இருக்கா? குழந்தை இருக்கிற வீடுன்னா கண்டிப்பா ஒண்ணாவது இருக்கும். அந்தப் பொம்மைக்குப் பேர் கொடுத்த 'டெடி' யார்னு தெரியுமா? அமெரிக்காவின் 26-வது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1902-ல் மிசிசிபிக்கு வேட்டைக்குப் போனபோது, அவர் சுடுறதுக்காகவே ஒரு கரடியைப் பிடிச்சு மரத்தில் கட்டிவெச்சிருந்தாங்க. 'கட்டிப்போட்ட கரடியை நான் சுட மாட்டேன்'னு மறுத்துட்டார். அது கார்ட்டூனா வந்து, கார்ட்டூன் பொம்மையாகி, இன்னிக்கு வரைக்கும் நம்ம பிள்ளைங்க அதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குறாங்க.

அதே டெடி, 1914 மார்ச் கடைசியில், பிரேசிலின் அமேசான் காட்டுக்குள் ஒரு பாறைக்கரையில் படுத்துக் கிடந்தார். காலில் சீழ் பிடித்த காயம், உடம்பெல்லாம் மலேரியா காய்ச்சல். 'என்னை இங்கேயே விட்டுட்டு நீங்க எல்லாரும் கிளம்புங்க' என்று மகனிடம் சொன்னார். அப்படி ஒரு நிலை வந்தால் பயன்படுத்திக்கொள்ள, எப்போதும் பயணப் பையில் மார்பின் மருந்துக் குப்பி ஒன்றை அவர் வைத்திருப்பார். அந்தக் குப்பி அன்றைக்கும் பையில்தான் இருந்தது.

உலகத்தையே ஆட்டிவைத்த மனுஷர் அங்கே ஏன் போனார்? எப்படித் திரும்பி வந்தார்? முதல் கேள்விக்குப் பதில் ஈஸி. இரண்டாவது கேள்விக்கு, 'அவர் இரும்பு மனுஷர்' என்கிற பதிலைத்தான் பல இடங்களில் எழுதியிருக்காங்க. எனக்கு அது பாதி உண்மையாத்தான் தெரியுது. மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

தோற்றால் காட்டுக்குப் போ!

ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு பழக்கம். மனசு உடையும்போதெல்லாம் உடம்பைப் போட்டு வதைத்துக்கொள்வார். 1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே நாளில், ஒரே வீட்டில், அவருடைய மனைவியும் அம்மாவும் இறந்துபோனார்கள். அந்தத் துக்கத்தோடு டகோட்டா பிரதேசத்துக்குப் போய் மாடு மேய்க்கிற வாழ்க்கையில் இறங்கியவர் அவர். அதிபர் பதவி முடிந்த 1909-லும் வீட்டில் உட்காரவில்லை. மகன் கெர்மிட்டைக் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

1912-ல் மறுபடி அதிபராக ஆசைப்பட்டு, சொந்தக் கட்சியை உடைத்துக்கொண்டு வந்து தனிக்கட்சி கண்டார். பிரசாரத்தின்போது மில்வாக்கி நகரில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சும், கண்ணாடி வைக்கிற இரும்புக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்ததால் உயிர் தப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல், ரத்தக்கறை படிந்த சட்டையோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார். குண்டு கடைசி வரைக்கும் அவர் நெஞ்சுக்குள்ளேயேதான் இருந்தது. இவ்வளவு பண்ணியும் தேர்தலில் தோல்வி. பழைய கட்சிக்காரர்கள் வோட்டைப் பிரிச்சுட்டார்னு திட்டினாங்க. வீட்டுக்கு வந்து போகிற கூட்டமும் நின்னுபோச்சு.

அப்போது தென் அமெரிக்க நாடுகளில் இருந்து சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தது. பேசி முடிச்சுட்டு அப்படியே ஒரு படகுப் பயணம் போய், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பறவைகளும் விலங்குகளும் சேகரிச்சுட்டு வரலாம் என்பதுதான் பிளான். போக இருந்ததும் ஏற்கெனவே தெரிந்த, பாதுகாப்பான நதிகள்.

1913 அக்டோபரில் ரியோவில் இறங்கியதும், பிரேசில் வெளியுறவு அமைச்சர் லாரோ முல்லர் ஒரு விஷயத்தைக் காதில் போட்டார். 'யாருக்கும் எங்கே போய்ச் சேருதுன்னே தெரியாத நதி ஒண்ணு இருக்கு. போய்ப் பார்க்கிறீங்களா?'

அந்த நதியின் பெயர் ரியோ டா டூவிடா. அதாவது, சந்தேக நதி!

உடனே சரின்னுட்டார். தகவல் தெரிந்து நியூயார்க்கில் அருங்காட்சியகத் தலைவர் பதறிப்போனார். 'நான் ஒன்பது பேர் வாழ வேண்டிய வாழ்க்கையை வாழ்ந்து முடிச்சுட்டேன். என் எலும்பு தென் அமெரிக்காவில்தான் கிடக்கணும்னா கிடக்கட்டும்' என்கிற தொனியில் ரூஸ்வெல்ட்டிடம் இருந்து பதில் போனது. அப்போது அவருக்கு வயது 55. நூறு கிலோவை நெருங்கிய உடம்பு. ஒரு கண்ணில் பார்வை கிடையாது. இன்னிக்கு இருந்தா 'மிட்லைஃப் கிரைசிஸ்'னு சொல்லி நாலு மீம் போட்டிருப்போம்.

கெர்மிட் கதை வேற. 24 வயசு. பிரேசிலில் பாலம் கட்டும் வேலையில் இருந்தார். பெல் வில்லார்ட் என்ற பெண்ணோடு அப்போதுதான் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவர் ஆசைப்பட்டுக் காட்டுக்கு வரலை. அப்பாவைத் தனியா விட அம்மாவுக்கு மனசில்லை; அதுக்காக வந்தார். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அப்பாவுக்குக் காவலாக வந்த பையன்.

'செத்தாலும் சாவோம், சுட மாட்டோம்'

இந்தக் கதையின் உண்மையான கேப்டன் யாருன்னா, கர்னல் கேண்டிடோ ரோண்டன். பிரேசில் ராணுவ இன்ஜினீயர். 1865-ல் மாட்டோ குரோசோ மாநிலத்தில் பிறந்து, சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தவர். தாய்வழியில் பழங்குடி ரத்தம். காடுகளின் குறுக்கே தந்திக் கம்பி இழுக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்தவர். அந்த வேலையில்தான் 1909-ல் இந்தச் சந்தேக நதியின் தலைப்பகுதியைக் கண்டுபிடித்தார். அது வடக்கே போகிறது என்று மட்டும் தெரிந்தது. எந்தப் பெரிய நதியில் கலக்கிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தையே பேராக வைத்துவிட்டார்.

ரோண்டனிடம் ஒரு சட்டம் இருந்தது. பழங்குடி மக்கள் தாக்கினாலும் திருப்பித் தாக்கக் கூடாது. 'அவசியம்னா சாவோம், ஒருபோதும் கொல்ல மாட்டோம்.' இது வெறும் பேச்சு இல்லை. 1907-ல் நம்பிக்வாரா மக்கள் விட்ட அம்பு ஒன்று, அவர் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டிருந்த தோல்வாரில் குத்தி நின்றது. அப்போதும் ஆட்களைச் சுட விடாமல் திரும்பி வந்தவர் அவர். காடு அந்த மக்களோட வீடு, நாமதான் கேட்காம உள்ளே நுழைஞ்சிருக்கோம் என்பது அவர் வாதம். 1910-ல் பிரேசில் அரசு பழங்குடியினர் பாதுகாப்புத் துறையை ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவரும் இவர்தான். இந்தச் சட்டத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நதியின் தலைக்குப் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கோவேறு கழுதைகளும் மாடுகளும் சுமை தூக்கி வந்தன. தீனி இல்லாமல் வழியெல்லாம் அவை செத்து விழுந்தன. சுமை குறையணும்னு பெட்டி பெட்டியாகத் தூக்கிப்போட்டார்கள். இந்தப் பயணத்துக்காகவே கொண்டுவந்த லேசான கனடா படகுகளும் இப்படித்தான் கைவிட்டுப் போயின. வந்தவர்களில் ஒரு பாதிரியார், 'என்னால நடக்க முடியாது, பழங்குடி ஆட்கள் என்னை நாற்காலியில் வெச்சுத் தூக்கிட்டு வரட்டும்' என்று கேட்டார். ரோண்டன் முடியாது என்றார். இந்தப் பயணத் திட்டத்தை முதலில் கிளப்பியதே அந்தப் பாதிரியார்தான். அவரையே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1914 பிப்ரவரி 27. நதியில் இறங்கியவர்கள் 22 பேர். ரூஸ்வெல்ட், கெர்மிட், பறவை ஆய்வாளர் ஜார்ஜ் செர்ரி, ரோண்டன், லெப்டினன்ட் லீரா, டாக்டர் கஜாசெய்ரா. மீதி 16 பேர் 'கமராடா' என்று அழைக்கப்பட்ட பிரேசில் கூலித் தொழிலாளிகள். கையில் இருந்தது நம்பிக்வாரா மக்களிடம் வாங்கிய ஏழு படகுகள். படகுன்னா, முழு மரத்தைக் குடைஞ்சு செய்தது. அதில் மூணுதான் உருப்படி. ஒண்ணு ரொம்பச் சின்னது, ஒண்ணு நேரா நிக்காது, ரெண்டு பழசாகித் தண்ணி ஊறி ஒழுகிக்கிட்டிருந்தது. சாப்பாடு ஐம்பது நாளைக்கு. அதுவும் அரை வயிறு சாப்பிட்டால்தான். மீதியைக் காடு கொடுக்கும்னு நம்பிக்கை.

காடு கொடுக்கலை.

தண்ணீர் ஏன் இப்படிப் பண்ணுது?

அமேசான் நதின்னா நமக்கு மனசில் வர்றது, அகலமா, அமைதியா, சேறு கலந்து ஓடுற தண்ணி. ஆனால் இந்த நதி உற்பத்தியாவது உயரமான பாறைப் பீடபூமியில். அங்கேயிருந்து தாழ்வான அமேசான் சமவெளிக்கு இறங்கி வரணும். வழியில் கெட்டியான பாறை குறுக்கே வரும் இடமெல்லாம் தண்ணீர் படிப்படியாக இடித்துக்கொண்டு விழும். மழைக்காலம் வேறு. முதல் மூன்று நாள் சாதுவாகப் போன நதி, மார்ச் 2 அன்று திடீரென்று உறுமத் தொடங்கியது. கொஞ்சம் மேலே சுமார் நூறு கஜம் அகலத்தில் ஓடிய அதே நதி, ஓர் இடத்தில் இரண்டு கஜத்துக்கும் குறைவான பாறை இடுக்கில் நுழைந்து பாய்ந்ததாக ரூஸ்வெல்ட் எழுதியிருக்கிறார். ஒரு நதி முழுக்க ஒரு வாசற்படி அளவு சந்தில்!

அப்படி ஓர் இடம் வந்தால் என்ன செய்வார்கள்? படகில் இருக்கும் சாமான்களை எல்லாம் இறக்கித் தலையிலும் தோளிலும் சுமந்து போகணும். பிறகு கரையோரம் காட்டை வெட்டி ஒரு பாதை போடணும். சின்னச் சின்ன மரங்களை வெட்டி, ரெண்டு கஜத்துக்கு ஒன்றாகக் குறுக்கே உருளைபோலப் போடணும். படகைக் கயிறும் கப்பியும் கட்டி இழுத்து, அந்த உருளைகள் மேல் நகர்த்திக்கொண்டு போய், அருவிக்குக் கீழே மறுபடி தண்ணீரில் இறக்கணும். ஏழு படகு, ஏழு தடவை. ஈர மரத்தைக் குடைந்த படகு எவ்வளவு கனம்னு யோசிச்சுக்கோங்க. அந்த முதல் அருவியைக் கடக்க மட்டும் ரெண்டு நாளுக்கு மேல் ஆனது. கடந்து கொஞ்ச தூரம் போனால் அடுத்த அருவியின் சத்தம் கேட்கும்.

இதை யார் இழுத்தது? அந்த 16 பேர். பலருக்குக் காலில் செருப்பு கிடையாது. பாதம் புண்ணாகி வீங்கியிருக்கும். பூச்சிக்கடியில் முகமும் கையும் தடித்திருக்கும். எறும்பும் கரையானும் துணிமணிகளையும் கொசுவலையையும்கூடத் தின்றுவிட்டன. இந்தப் பூச்சிகளுக்கு நடுவில் ரூஸ்வெல்ட் தலையில் வலையும் கையில் நீளமான தோல் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஒரு பத்திரிகைக்குத் தொடர் எழுதிக்கொண்டிருந்தார். கார்பன் பேப்பர் வைத்துப் பிரதி வேறு. டெட்லைன் நெருங்கினா ஏ.சி ரூமில் இருந்துகொண்டே புலம்புகிற எனக்கு, இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

ஓட்டைப் படகு பிரச்னை மார்ச் 10 ராத்திரி வெடித்தது. கரையில் கட்டியிருந்த பழைய படகு ஒன்றில் மழைத்தண்ணீர் நிரம்பி மூழ்கி, பக்கத்துப் படகையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் பாறையில் மோதிய துண்டுகள்தான் கிடைத்தன. வேறு வழியில்லாமல், நாட்களைச் செலவழித்து, ஒரு பெரிய மரத்தை வெட்டிப் புதுப் படகு குடைந்தார்கள்.

மார்ச் 15 அன்று முதல் உயிர் போனது.

கெர்மிட் தன் படகில் இரண்டு தொழிலாளிகளோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடு ஆற்றில் ஒரு தீவு. அதன் மறுபக்கம் வழி இருக்கிறதா என்று பார்க்க, படகைக் குறுக்கே விடச் சொன்னார். பார்த்துவிட்டுத் திரும்பும்போது சுழல் படகைப் பிடித்து அருவிக்குள் தள்ளியது. கெர்மிட் எப்படியோ ஒரு மரக்கிளையைப் பிடித்துக் கரையேறினார். அவருடைய நாயும் நீந்தி வந்தது. படகோட்டி ஜோவாவும் பிழைத்தார். சிம்ப்ளிசியோ வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. 'இந்த அருவியில் பாவம் சிம்ப்ளிசியோ இறந்தான்' என்று ஒரு கம்பத்தில் எழுதி நட்டுவிட்டு நகர்ந்தார்கள். கெர்மிட் தன் சொல்லை மீறிப் போனதுதான் காரணம் என்று ரோண்டன் பின்னால் சொன்னார். சுழல்தான் காரணம் என்பது ரூஸ்வெல்ட்டின் கதை. அப்பா வேற எப்படி எழுதுவார்? சிம்ப்ளிசியோவுக்குச் சேர வேண்டிய கூலியை அவர் அம்மாவுக்கு அனுப்பிவைத்ததையும் ரூஸ்வெல்ட் எழுதியிருக்கிறார்.

அம்பு வந்த திசை

மறுநாள் காலை. ரோண்டன் தன் நாய் லோபோவோடு வேட்டைக்காகக் கரையோரம் நடந்துபோனார். குரங்குச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. நாய் முன்னால் ஓடியது. ஒரு வீறல். திரும்ப ஓடிவந்த நாய் விழுந்து செத்தது. உடம்பில் அம்பு! குரங்கு இல்லை, குரங்கு மாதிரிக் குரல் கொடுத்த மனிதர்கள். நாய் முன்னால் ஓடியிருக்காவிட்டால் அந்த அம்பு ரோண்டன் மேல் பாய்ந்திருக்கும். அவர் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அம்பைப் பார்த்ததும் ரோண்டனுக்கு ஒன்று புரிந்தது. இது நம்பிக்வாரா மக்களோட அம்பு இல்லை. அவருக்கே தெரியாத வேறு மக்கள். பின்னாளில் வெளியுலகம் இவர்களை 'சிந்தா லார்கா' என்று அழைத்தது. 'அகலமான இடுப்புப்பட்டி' என்று அர்த்தம். மரப்பட்டையில் செய்த பட்டியை இடுப்பில் கட்டியிருந்ததால் அந்தப் பேர்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். 'மனிதக் காலடி படாத நதி' என்றுதான் இந்தக் கதையை எல்லா இடத்திலும் ஆரம்பிப்பாங்க. ஆனால், ரூஸ்வெல்ட் குழு நதியில் இறங்கிய சில நாட்களிலேயே, ஆற்றின் குறுக்கே காட்டுக்கொடியில் கைப்பிடி கட்டிய மரப்பாலம் ஒன்றைப் பார்த்தார்கள். ஆளில்லாத கிராமமும் கண்ணில் பட்டது. மேப்பில் இல்லையே தவிர, ஊரும் பாலமும் இருந்த நதிதான் அது.

அந்த 21 பேர் அப்போது இருந்த நிலை என்ன? நாய் செத்த அதே நாளில் புதிதாகக் குடைந்த படகையும் அருவி கொண்டுபோய்விட்டது. மிச்சம் நான்கு படகு. எல்லாரும் ஏற இடமில்லை என்பதால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் புண்ணான காலோடு கரையில் காட்டை வெட்டிக்கொண்டு நடந்தார்கள். வில்லோடு மறைந்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான இலக்கு கிடையாது. இரும்பு மனுஷராவது ஒண்ணாவது, ஒரு ராத்திரி போதும்.

ஆனால், தாக்குதல் வரவில்லை.

ரோண்டன் நாய் செத்த இடத்துக்கே திரும்பிப் போய் ஒரு கோடரியையும் மணிகளையும் பரிசாக வைத்துவிட்டு வந்தார். சண்டைக்கு வரலை என்று சொல்வதற்கு அவரிடம் வேறு மொழி இல்லை. காட்டுக்குள் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது, பல பத்தாண்டுகள் கழித்து, சிந்தா லார்கா மக்களின் வாய்மொழிக் கதைகளில் இருந்துதான் தெரியவந்தது. வந்தவர்களைக் கொல்வதா, விடுவதா என்று அவர்களுக்குள் வாதம் நடந்திருக்கிறது. போருக்குப் போவதென்றால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் விட்டுவிட்டார்கள். கடைசி வரைக்கும் ரூஸ்வெல்ட் குழுவில் ஒருவர்கூட அவர்களைக் கண்ணால் பார்க்கவே இல்லை!

யோசிச்சுப் பாருங்க. பதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரே ஒரு குண்டு குறிபார்த்துப் பாய்ந்திருந்தால், அந்த வாதம் எப்படி முடிந்திருக்கும்?

இதற்கு நடுவில் தலைவர்கள் இருவருக்கும் உரசல் வேறு. ரோண்டனுக்கு மேப் முக்கியம். முறைப்படி அளக்க, கெர்மிட் முன்னால் போய்க் கரையில் இறங்கி அளவுகோலைப் பிடித்து நிற்கணும். பின்னால் இருந்து தூரத்தையும் திசையையும் கணக்கிடுவார்கள். முதல் நாளில் மட்டும் அவர் நூறு தடவைக்குப் பக்கமாகக் கரையில் இறங்கினாராம். நகர்ந்தது பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. சிம்ப்ளிசியோ போனபிறகு ரூஸ்வெல்ட் கறாராகச் சொல்லிவிட்டார்: 'என் மகன் உயிரைப் பணயம் வெச்சு இனி அளக்க வேண்டாம்.' வேகமான, ஆனால் துல்லியம் குறைந்த முறைக்கு ரோண்டன் மனசில்லாமல் மாறினார். இவ்வளவு வாக்குவாதமும் நடந்தது பிரெஞ்சில். ரோண்டனுக்கு ஆங்கிலம் வராது, ரூஸ்வெல்ட்டுக்கு போர்ச்சுக்கீசு வராது. ரூஸ்வெல்ட்டின் பிரெஞ்சும் சுமார் ரகம்தான். சண்டை பெருசாகாததுக்கு அதுகூட ஒரு காரணமாக இருக்கலாம்!

மார்ச் 18 அன்று ரோண்டன் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, பிரேசில் அரசின் பெயரால் இந்த நதிக்கு 'ரியோ ரூஸ்வெல்ட்' என்று பேர் சூட்டினார்.

கயிறு

மார்ச் 27. இரண்டு படகுகள் பாறையில் சிக்கிக்கொண்டன. உதவிக்கு முதலில் தண்ணீரில் குதித்தவர்களில் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். பாறையில் கால் இடித்துக் கிழிந்தது. நம்ம ஊரில் மஞ்சள் வெச்சுக் கட்டிட்டு மறந்துபோகிற மாதிரிக் காயம்தான். அமேசானின் ஈரத்தில், ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிக்கப்படாத காலத்தில், அது எமன். ஒரே நாளில் நடக்க முடியாமல் போனது. கூடவே மலேரியா.

சரியாக அந்த நேரத்தில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே, அருவி மேல் அருவியாக விழும் ஒரு பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. முன்னால் போய்ப் பார்த்துவந்த ரோண்டன் சொன்னார்: படகை இதற்குள் கொண்டுபோக முடியாது. படகுகளை விட்டுவிட்டு, மலை ஏறிக் காட்டு வழியாக நடந்து போக வேண்டியதுதான். நடக்க முடியாத ரூஸ்வெல்ட்டுக்கு அது மரண தண்டனை. அவரைத் தூக்கிப் போனால், தூக்குகிற மற்றவர்களுக்கும்.

அப்போதுதான் கெர்மிட்டையும் செர்ரியையும் பக்கத்தில் கூப்பிட்டு, தன்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கெர்மிட் ஒத்துக்கொள்ளவில்லை. மகனைப் பார்த்தே ரூஸ்வெல்ட்டுக்கு ஒன்று புரிந்தது. தான் செத்தாலும் இவன் உடலை விட்டுட்டுப் போக மாட்டான். பிணத்தைச் சுமந்துகொண்டாவது இந்தக் காட்டைக் கடப்பான். உயிரோடு இருக்கும் அப்பாவைவிடச் செத்த அப்பா பெரிய சுமை. ஆக, மகன் பிழைக்கணும்னா தானும் பிழைத்தே ஆகணும். மார்பின் குப்பி பைக்குள்ளேயே இருந்துவிட்டது. எனக்கு இந்தப் பயணத்திலேயே மறக்க முடியாத இடம் இதுதான்.

படகுகளை விட முடியாது என்று கெர்மிட் ஒற்றைக்காலில் நின்றார். பாலம் கட்டும் வேலையில் கயிறும் கப்பியும் பழகிய கை. லீராவும் கமராடாக்களும் கூடச் சேர்ந்தார்கள். பாறை விளிம்புகளில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு படகாகக் கயிற்றில் கட்டி, அருவி அருவியாகக் கீழே இறக்கினார்கள். நான்கு நாள் போராட்டம். ஒரு படகு நொறுங்கியது. மீதி பிழைத்தது. மார்ச் 15-ல் ஓர் உயிர் போக அவசரம் காட்டிய அதே 24 வயசுப் பையன்தான், இந்த நான்கு நாளில் எல்லாரையும் காப்பாற்றியவனும்.

பசி மனுஷனை என்ன பண்ணும்? ஏப்ரல் 3 அன்று தெரிந்தது. ஜூலியோ என்கிற தொழிலாளி சாப்பாடு திருடி ஏற்கெனவே மாட்டிக்கொண்டவன். அன்றைக்கும் இறைச்சி திருடினான்; வேலையில் பின்தங்கியதற்காக, கமராடாக்களின் மேஸ்திரி போலிருந்த பைஷோன் கண்டித்தார். கோபத்தில் ஜூலியோ துப்பாக்கியை எடுத்து அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டான். பைஷோனைப் புதைத்துச் சிலுவை நட்டார்கள். 'செத்தவன் குப்புற, கையும் முட்டியும் ஊன்றி விழுந்திருக்கான். அப்படி விழுந்தால் கொன்றவனைச் சாகும்வரை விடாமல் பின்தொடர்வான்' என்றார் சமையல்காரர். மூன்று நாள் கழித்து ஜூலியோ கரையில் நின்று, ஏத்திக்கோங்க என்று கெஞ்சினான். படகுகள் நிற்கவில்லை. அப்புறம் ரோண்டன் மனசு கேட்காமல் இரண்டு பேரைத் தேட அனுப்பினார். ஒரு நாளையும், நாள் ஒன்றின் சாப்பாட்டையும் கொலைகாரனுக்காக வீணடிப்பதா என்று ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம். ஜூலியோ கிடைக்கவே இல்லை.

ரூஸ்வெல்ட்டுக்குக் காய்ச்சல் 105 டிகிரியைத் தொட்டது. கோல்ரிட்ஜ் எழுதிய 'குப்ளா கான்' கவிதையின் தொடக்கத்தையே ஜன்னி கண்டவராகத் திரும்பத் திரும்பப் பிதற்றினார். டாக்டர் கஜாசெய்ரா வயிற்றில் குயினைன் ஊசி போட்டார். பிறகு ஆற்றங்கரையில், மயக்க மருந்தே இல்லாமல், காலைக் கிழித்துச் சீழை வெளியேற்றினார். ரூஸ்வெல்ட் முனகக்கூட இல்லை என்று சொல்வார்கள். அதன்பிறகு அவர் பயணம் பூராவும் படகில் படுத்தபடிதான். மேலே ஒரு துண்டுக் கித்தான் பந்தல்.

சாப்பாடு? பனங்குருத்து, எப்போதாவது குரங்கு, கிடைத்தால் மீன். அந்தப் பருவத்தில் பிரேசில் நட்ஸ்கூடச் சரியாகக் காய்க்கவில்லை. ஒருநாள் பிடித்த பெரிய கெளுத்தி இன மீனின் வயிற்றை அறுத்தால் உள்ளே ஒரு குரங்கு! பசியில் இருந்தவர்கள் ரெண்டையும் சாப்பிட்டார்களா என்று உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. மீனைச் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 15. கரையில் ஒரு கம்பம். அதில் ஒரு பலகை. பலகையில் 'ஜே.ஏ' என்று இரண்டு எழுத்து. ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி எவனோ, இது என் இடம் என்று அடையாளம் வைத்திருக்கிறான்! ஒன்றரை மாதத்துக்கு அப்புறம் பார்த்த முதல் எழுத்து. அன்றைக்கே, எதிரில் தனியாகப் படகில் வந்த ஒரு முதியவர் இவர்களைப் பார்த்துப் பயந்து கரையை நோக்கித் துடுப்புப் போட்டார். நதியின் மேல் பக்கத்தில் இருந்து இதுவரை வெளியாள் யாரும் வந்ததில்லை; அங்கேயிருந்து வந்தால் அது தாக்குதல்தான். ரோண்டன் எழுந்து நின்று தொப்பியை ஆட்டிக் குரல் கொடுத்தபிறகுதான் அவர் திரும்பி வந்தார்.

ஏப்ரல் 26 அன்று, முன்கூட்டியே ஏற்பாடு செய்து கீழ்ப்பக்கத்தில் காத்திருந்த மீட்புக் குழுவின் கூடாரங்கள் தெரிந்தன. அமெரிக்கக் கொடியும் பிரேசில் கொடியும் பறந்தன. 22 பேரில் 19 பேர் வந்து சேர்ந்தார்கள். ரூஸ்வெல்ட்டின் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போயிருந்தது.

ஊருக்குப் போனால், 'இவ்வளவு பெரிய நதி மேப்பில் இல்லாம எப்படி இருக்கும்? சும்மா அளக்குறார்' என்று லண்டனின் சில பெரிய புவியியல்காரர்கள் சிரித்தார்கள். நதியும் அதன் தொடர்ச்சியும் சேர்ந்து சுமார் 1,500 கி.மீ என்பது ரூஸ்வெல்ட் சொன்ன கணக்கு. கம்பு ஊன்றி நடந்துபோய் வாஷிங்டனிலும் லண்டனிலும் மேடையேறி மேப்பை விரித்துப் பேசினார். அதற்கப்புறம் வாய்கள் மூடின. 1927-ல் ஜார்ஜ் டயட் என்பவர் அதே நதியில் பயணம் செய்து, சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதிசெய்தார். அதைக் கேட்க ரூஸ்வெல்ட் இல்லை. மலேரியாவும் கால் தொல்லையும் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்க, 1919 ஜனவரி 6 அன்று தன் 60-வது வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

ஊர் திரும்பிய அதே 1914 ஜூனில் மாட்ரிட்டில் பெல்லைக் கைப்பிடித்த கெர்மிட்டுக்கு வாழ்க்கை அவ்வளவு நல்லபடியாக அமையவில்லை. குடியும் மனச்சோர்வும் துரத்தின. அப்பாவைச் சாக விடாத அந்த மகன், 1943-ல் அலாஸ்காவில் ராணுவப் பணியில் இருந்தபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ரோண்டன்தான் நீண்ட காலம் வாழ்ந்தார், 1958 வரை, 92 வயசு. அந்தப் பிரதேசத்துக்கு இன்று அவர் பேர்தான், ரோண்டோனியா.

சிந்தா லார்கா மக்கள்? அவர்களைத் தேடி அடுத்து வந்தவர்களிடம் ரோண்டனின் சட்டம் இல்லை. 1963-ல் ரப்பர் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய கூலிப்படை அவர்களுடைய ஒரு கிராமத்தையே அழித்தது. விமானத்தில் இருந்து டைனமைட் வீசினார்கள், பிழைத்தவர்களைச் சுட்டார்கள். 'பதினொன்றாம் இணைகோட்டுப் படுகொலை' என்று அது பிரேசிலில் அறியப்படுகிறது. பிறகு அவர்கள் நிலத்துக்கு அடியில் வைரம் இருப்பது தெரிந்தது. அனுமதியில்லாமல் தோண்ட ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2004-ல் அப்படித் தோண்டியவர்களில் 29 பேரை சிந்தா லார்கா மக்கள் கொன்றபோது உலகமே அவர்கள் பேரை எழுதியது. அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட காட்டுக்கு அரசு ஆவணத்தில் இருக்கும் பெயர் 'ரூஸ்வெல்ட் பழங்குடி நிலம்'.